கட்டற்ற மென்பொருளில் தமிழ்த் தொடர்கள்: உதியன்குளங்கரை எல்லையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

1. எல்லையும் இரு மொழிகளும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே உதியன்குளங்கரை அமைந்துள்ளது. பாறசாலையைக் கடந்தால் களியக்காவிளை. அங்குத் தமிழ்நாடு தொடங்குகிறது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலப் பிரிப்பு நடைமுறைக்கு வந்தபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டத்தையும் இணைக்க வேண்டும் எனத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் முன்வைத்த கோரிக்கை ஏற்கப்படவில்லை. அவ்வட்டம் கேரளத்திலேயே நின்றது. இதன் விளைவாக, நெடுஞ்சாலையை ஒட்டிய இவ்வூர்களில் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. ஆயினும் கல்வி, ஆட்சி ஆகியவற்றில் மேலோங்கி நிற்பது மலையாளமே. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ள இடமளித்துள்ளது. கேரள அரசு தமிழ்வழிப் பாடநூல்களையும் வெளியிடுகிறது.

சட்டமும் பாடநூலும் எட்டாத ஓரிடம் கணினித்திரை. அதில் தோன்றும் 'சேமி', 'திற', 'அச்சிடு' போன்ற சொற்களை எந்தச் சட்டமும் வகுக்கவில்லை. எந்தப் பாடநூற் குழுவும் ஒப்புதல் தரவில்லை. கேரளப் பள்ளிகளில் கணினிக் கல்வி பெரும்பாலும் கட்டற்ற மென்பொருளையே சார்ந்து வளர்ந்தது. 2001இல் தொடங்கப்பட்ட 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் சில ஆண்டுகளில் குனு/லினக்ஸ் இயங்குதளத்திற்கு மாறியது. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் அதே 2001ஆம் ஆண்டு ஜூலையில், ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில், உதியன்குளங்கரையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலுள்ள திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்றது. 2002இல் உருவான சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்னும் தன்னார்வக் குழு அம்மென்பொருள்களுக்கு மலையாள முகத்தை அளித்தது. அதே மென்பொருள்களின் தமிழ் முகத்தை உருவாக்கியவர்கள் சென்னை, யாழ்ப்பாணம், கோலாலம்பூர், சிங்கப்பூர், டொராண்டோ எனச் சிதறிக் கிடந்த தன்னார்வலர்கள். ஒரே ஆங்கிலத் தொடர் இவ்விரு மொழிகளிலும் எவ்வாறு பெயர்ந்தது என்பதை இரண்டையும் அறிந்த எல்லைப்பகுதியிலிருந்து நோக்கும்போது, மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மென்பொருளுக்குச் செய்யக்கூடிய பங்களிப்பின் இயல்பு தெளிவாகப் புலப்படுகிறது.

2. முன்னோடிகளும் கருவிகளும்

சிதறிக் கிடப்போர் ஊதியமின்றி ஒன்றுகூடிச் சொல்லாக்கும் மரபு தமிழுக்குப் புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன், மானிப்பாயில் தம் மாணவர் துணையுடன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கியபோது கலைச்சொற்களைத் தொகுக்க வேண்டியதாயிற்று. 1916இல் சேலத்தில் ராஜாஜி முதலியோர் நிறுவிய தமிழ்ச் சாத்திரச் சொற்கள் சங்கம் தன் இதழ்வழிச் சொற்களை வெளியிட்டது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளன்று கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளைச் சேர்ந்த தமிழர் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் இலவசமாக வழங்கினர். அது மென்பொருள் திட்டம் அன்று. எனினும் ஒருவர் தட்டச்சிட, மற்றொருவர் திருத்த, மூன்றாமவர் ஒழுங்குசெய்து வெளியிடும் வேலைப் பகிர்வைத் தமிழர் கணினிவழி பயின்ற இடம் அதுவே எனலாம்.

கட்டற்ற மென்பொருளின் அடிப்படை, மூலநிரல் யாவருக்கும் திறந்திருத்தலும் அதனை மாற்றிப் பகிரும் உரிமையும் ஆகும். 1983இல் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டமும் 1989இல் வெளிவந்த பொது மக்கள் உரிமமும் 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருவும் இதன் படிநிலைகள். மொழியாராய்ச்சியாளருக்கு இவற்றினும் முதன்மையானது 1995இல் வெளிவந்த 'குனு கெட்டெக்ஸ்ட்' என்னும் கருவித்தொகுதி. அதற்கு முன், நிரலினுள்ளே எழுதப்பட்ட ஆங்கிலத் தொடரை மாற்ற விரும்புவோர் நிரலையே திருத்த வேண்டியிருந்தது. மொழியறிவு மட்டும் உடையவருக்கு அங்கு இடமில்லை. கெட்டெக்ஸ்ட் மொழித்தொடர்களை நிரலிலிருந்து பிரித்து 'பிஓ' எனப்படும் தனிக் கோப்பில் வைத்தது. அக்கோப்பில் ஒவ்வோர் ஆங்கிலத் தொடரின் கீழும் ஒரு வெற்றிடம் இருக்கும். மொழிபெயர்ப்பாளர் அதை நிரப்ப வேண்டும். ஒரு வரி நிரலும் எழுதத் தெரியாத தமிழாசிரியர் ஒருவர் உலகளாவிய மென்பொருள் திட்டத்தில் பங்களிப்பாளராகும் வழி இவ்வாறு பிறந்தது.

பிஓ கோப்பின் தலைப்பகுதியில் இறுதியாகத் திருத்தியவர் பெயரும் மொழிக் குழுவின் பெயரும் நாளும் பதியப்படும். திட்டத்தின் பதிப்புக் களஞ்சியமோ ஒவ்வொரு மாற்றத்தையும், செய்தவர் பெயருடனும் காரணத்துடனும், அழியாமல் காக்கும். அகராதிப் பணிகளில் ஒரு சொல் ஏன் ஏற்கப்பட்டது, எது விலக்கப்பட்டது என்னும் விவாதம் பெரும்பாலும் அச்சேறுவதில்லை. இங்கோ அது நாள்வாரியாகக் கிடைக்கிறது. சொல்லாக்க வரலாற்றை எழுத முற்படுவோர் இம்மூலத்தைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது வியப்புக்குரியது.

3. எழுத்தே தோன்றாத காலம்

வெற்றிடத்தை நிரப்பும் முன் தமிழெழுத்து திரையில் தோன்ற வேண்டும். 1990களின் பிற்பகுதியில் இதுவே தலையாய சிக்கல். 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், இயங்குதளங்களும் எழுத்துருக்களும் அதனைக் கையாளும் நிலையில் இல்லை. அதனால் ஆர்வலர் மின்னஞ்சல் வழி விவாதித்து உருவாக்கிய டிஸ்கி (தமிழ்த் தகவல் பரிமாற்றத் தரக் குறியீடு) பரவியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் வேறு இரு குறியீடுகளை ஏற்றது. ஆக ஒரே காலத்தில் ஒன்றோடொன்று பொருந்தாத பல குறியீடுகள்.

டிஸ்கி எட்டுத் துணுக்குக் குறியீடு. முதல் 128 இடங்களில் உரோமன் எழுத்துகளும் எஞ்சியவற்றில் தமிழ் வடிவங்களும் அமைந்தன. அதன் வரிசை கண்ணுக்குத் தெரியும் வரிசை: 'கொ' என்னும் உயிர்மெய், ஒற்றைக் கொம்பு, 'க', கால் என மூன்று குறிகளாக, தட்டச்சுப் பொறியில் அடிப்பதுபோலவே பதியும். யூனிகோடோ ஒலிவரிசையைப் பின்பற்றுகிறது. 'க' முன்னும் ஒகர உயிர்க்குறி பின்னும் என இரண்டே குறிகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் நிரல், கொம்பைக் கண்டவுடன் அதனை வெளியிடாது நிறுத்திவைத்து, அடுத்துவரும் மெய்யையும் அதற்கடுத்துக் கால் வருகிறதா என்பதையும் நோக்கிய பின்னரே முடிவு செய்ய வேண்டும். கால் வந்தால் ஒகரம், வராவிடில் எகரம். எழுத்திலக்கணம் அறிந்தவருக்கு எளிதான இச்செய்தி, தமிழறியாத நிரலாளருக்குச் சொல்லப்பட்டாலன்றித் தெரியாது.

சொல்லப்பட்டது என்பதற்குச் சான்று உண்டு. கேடிஇ பணிமேடைக்கு அடித்தளமான கியூட்டி நூலகத்தில் டிஸ்கி மாற்றி ஒன்று சேர்க்கப்பட்டது. அதனை எழுதியவர் ஹான்ஸ் பெட்டர் பீக்கர், நிரலில் காணும் ஆண்டு 2000. அந்நூலகத்தின் விளக்கவுரை, மாற்றி எந்த அட்டவணையை அடிப்படையாகக் கொண்டது என்பதையும் குறிக்கிறது. டிஸ்கிக் குறி ஒவ்வொன்றுக்கும் நேரான யூனிகோடுக் குறியைக் காட்டும் வெளிப்படையான பட்டியல் அது. 2002இல் புரூனோ ஹைபிள், லினக்ஸ் இயங்குதளங்களின் அடிப்படை நூலகமான குனு சி நூலகத்திற்கு டிஸ்கி மாற்றியை எழுதிச் சேர்த்தார். இவ்விருவரும் தமிழ்ப் புலவர் அல்லர். நிரலாளர் கையில் நேரே எடுத்தாளத்தக்க வடிவில் செய்தி கிடைத்தமையே அவர்களுடைய பணியை இயலச் செய்தது. 'தமிழ் தெரியவில்லை' என்னும் முறையீட்டால் எந்த நிரலும் மாறாது. இன்ன குறிக்கு இன்ன குறி, இவ்வரிசையில், இவ்விதிவிலக்குடன் என்னும் அட்டவணையால் மாறும்.

டிஸ்கியின் காலம் நீளவில்லை. இயங்குதளங்கள் யூனிகோடுக்கு மாறின. 2004இல் ரெட் ஹாட் நிறுவனம் லோகித் எழுத்துருக்களைத் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளுக்குக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. 2010 ஜூனில் தமிழக அரசும் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. குறியேற்றச் சண்டை ஓய்ந்தபின்தான் உண்மையான மொழிச்சிக்கல் வெளிப்பட்டது.

4. ஆங்கில வார்ப்பில் தமிழ்த் தொடர்

மென்பொருள் தொடர்கள் முழுமையான வாக்கியங்கள் அல்ல; இடையே பெயரோ எண்ணோ பின்னர் வந்து நிரம்பும் துளைகள் கொண்டவை. கேடிஇ திட்டத்தில் இத்துளைகள் %1, %2 எனக் குறிக்கப்பெறும். ஆங்கிலத்தில் 'டெலீட் %1?' என நிற்கும் தொடரில் %1 என்பது ஒரு கோப்பின் பெயர். ஆங்கிலப் பெயர்ச்சொல் செயப்படுபொருளாகும்போது வடிவம் மாறுவதில்லையாதலின் நிரலாளருக்கு எச்சிக்கலும் இல்லை. தமிழில் '%1ஐ நீக்கவா?' என எழுதினால், %1 இன் இடத்தில் 'படம்' வரும்போது 'படம்ஐ நீக்கவா?' எனத் திரையில் தோன்றும். 'படத்தை' என்பதற்குரிய அத்துச்சாரியையை நிரல் அறியாது. இடைவெளி விட்டு '%1 ஐ' என எழுதுவது பிழையை இரண்டாகப் பிளக்கிறதேயன்றி நீக்கவில்லை.

இதே தொடரை மலையாள மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் உருபின்றியே எழுதிவிடுகிறார். மலையாளத்தில் உயிரற்ற பொருளைக் குறிக்கும் பெயர் செயப்படுபொருளாகும்போது இரண்டாம் வேற்றுமை உருபு பொதுவாகத் தோன்றாது; துளையில் எப்பெயர் வந்தாலும் தொடர் இயல்பாகவே நிற்கும். தமிழிலும் 'படம் பார்த்தான்' என உருபு தொக்கு வருவதுண்டு. ஆனால் அது பொதுநிலைச் செயப்படுபொருள். குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும்போது 'படத்தைப் பார்த்தான்' என்றே வேண்டும். பெயர் சுட்டப்பட்ட கோப்பு ஐயத்திற்கிடமின்றிக் குறிப்பிட்ட பொருள். எனவே இரு மொழியும் பயின்ற எல்லைப்பகுதி மொழிபெயர்ப்பாளர் மலையாளக் கோப்பைத் துணையாக வைத்துக்கொண்டு தமிழாக்கினால், உருபற்ற தொடர்கள் அவரையறியாமலே புகக்கூடும். இரு மொழிகளும் நெருங்கியவை என்பதனாலேயே இவ்வகைப் பிழை கண்ணுக்கு எளிதில் தென்படுவதில்லை. ஏழாம் வேற்றுமை முதலியவற்றில் இவ்வேறுபாடு இல்லை. 'படத்தில்' என்பதற்குரிய சாரியை இரு மொழிக்கும் பொது, அங்கு இருவரும் ஒரே இடரில் சிக்குகின்றனர்.

தமிழுக்கு இரு வழிகள் உள்ளன. '%1 என்பதை நீக்கவா?' என எழுதலாம். அஃது எங்கும் பொருந்தும், ஆனால் சற்று விறைப்பானது. '%1 என்ற கோப்பை நீக்கவா?' என்பது இயல்பானது. ஆனால் %1 கோப்பா, கோப்புறையா, பயனர் கணக்கா என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலத் தொடர் அதனைச் சொல்வதில்லை. மொழிபெயர்ப்பாளர் நிரலைத் திறந்து பார்த்தோ நிரலாளரிடம் கேட்டோதான் அறிய வேண்டும். திறந்த மூலத்தின் பயன் இங்குதான் முதலில் கைக்கு வருகிறது: மூடிய மென்பொருளை மொழிபெயர்ப்பவர் ஊகிக்க மட்டுமே இயலும்.

அடுத்தது வினைமுற்று. '%1 டெலீடட் %2' என்னும் அறிவிப்பில் %1 செய்தவர் பெயர். தமிழில் 'நீக்கினார்' எனலாமா? செய்தது மற்றொரு நிரலாயின் 'நீக்கியது' என வேண்டும், பலராயின் 'நீக்கினர்'. மலையாள வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டும் விகுதிகளை முற்றிலும் இழந்துவிட்டமையால் 'நீக்கி' என்னும் ஒரு வடிவமே அனைத்துக்கும் போதுமானது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் இங்குச் செயப்பாட்டு வினையை நாடி '%2 நீக்கப்பட்டது. செய்தவர்: %1' எனத் தொடரை உடைத்து எழுத நேர்கிறது. செயப்பாட்டு வினையின் மிகுதி கணினித்தமிழின் குறையாகச் சுட்டப்படுவதுண்டு. அது மொழிபெயர்ப்பாளரின் சோம்பலால் மட்டும் வந்ததன்று. துளையுள்ள தொடர் அவரை அங்குத் தள்ளுகிறது.

எண்ணைப் பற்றிய செய்தி சுவையானது. கெட்டெக்ஸ்ட் தொடக்கத்தில் ஒருமை, பன்மை என்னும் வேறுபாட்டை முறையாகக் கையாளவில்லை. 2000ஆம் ஆண்டையொட்டித்தான் மொழிதோறும் பன்மை விதியைக் கோப்பின் தலைப்பிலேயே எழுதும் வசதி வந்தது. போலிய மொழிக்கு மூன்று வடிவம், அரபிக்கு ஆறு, ஜப்பானியத்துக்கு ஒன்றே. தமிழுக்கும் மலையாளத்துக்கும் இரண்டு: ஒன்று, ஒன்றல்லாதது. இவ்விதி தமிழுக்குப் பொருந்துமா என்பது எண்ணத்தக்கது. அஃறிணைப் பெயரில் 'கள்' விகுதி கட்டாயமன்று எனத் தொல்காப்பியர் காலந்தொட்டு இலக்கணம் கூறும். 'ஐந்து கோப்பு இருக்கிறது' என்பது பேச்சில் இயல்பு; '5 கோப்புகள் உள்ளன' என்பது எழுத்து நடை. ஆகவே இரண்டு வடிவம் என்னும் விதி எழுத்துத் தமிழுக்கே உரியது. அதனை ஏற்ற முதல் மொழிபெயர்ப்பாளர், அறிந்தோ அறியாமலோ, கணினி பேச்சுநடையைப் பின்பற்றாது என்னும் முடிவையும் உடன் எடுத்துவிட்டார். '0 கோப்புகள்' என்பதோ எந்நடையிலும் தமிழன்று. 'கோப்பு எதுவும் இல்லை' என்பதற்கு அவ்விதியில் இடமில்லை.

ஏவலில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையடைகிறது. ஆங்கிலத்தில் 'சேவ்' என்னும் பொத்தானும் 'என்ட்டர் யுவர் நேம்' என்னும் அறிவுறுத்தலும் ஒரே வினைவடிவம் கொண்டவை. முன்னதில் பயனர் கணினியை ஏவுகிறார். பின்னதில் கணினி பயனரை வேண்டுகிறது. தமிழில் கணினியிடம் 'சேமி' எனலாம். பயனரிடம் 'பெயரை உள்ளிடு' எனல் தகாது, 'உள்ளிடவும்' அல்லது 'உள்ளிடுக' என வேண்டும். மலையாளத்தில் 'துறக்குக', 'சூக்ஷிக்குக' என வரும் உகர ஈற்றுக் ககர வடிவம் இரு திசைக்கும் பொது. மரியாதைக் குறைவும் இல்லை, மிகையும் இல்லை. இதனை நோக்கித் தமிழிலும் 'சேமிக்க', 'திறக்க' என எங்கும் வியங்கோளையே ஆளலாம் எனக் கருதுவோர் உளர். ஆயினும் 'சேமிக்க' என்பது வியங்கோளாகவும் செயவென் எச்சமாகவும் ஒருங்கே நிற்பதால், 'சேமிக்க இயலவில்லை' போன்ற தொடர்கள் நிறைந்த திரையில் பொத்தான் பெயர் முடிவுறாத வாக்கியம் போலத் தோன்றும். 'சேமி' என்பதே குறுகியது, தெளிவானது. பொத்தானுக்கு அதுவே ஏற்றது.

5. சொற்றேர்வு

தொடரியலுக்குத் தரப்பட வேண்டிய காலத்தைத் தமிழ்க் குழுக்கள் பெரும்பாலும் சொற்றேர்வில் செலவிட்டன. மலையாளக் குழு 'ஃபயல்' என்பதை அப்படியே ஏற்றுக்கொண்டது. தமிழ் 'கோப்பு' என்றது. தமிழ்ச்சொல் நிலைத்துவிட்டமையால் இவ்வழக்கில் தமிழ்க் குழுக்களே வென்றன எனலாம். 'கேன்சல்' என்பதற்கு 'ரத்து செய்' என்பது முதலில் வழங்கியது. 'ரத்து' அரபு வழிவந்த ஆட்சிச்சொல். மலையாளத்திலும் 'றத்தாக்குக' என வழங்குவது. எல்லைப்பகுதியின் இருமொழியாளருக்கு இருபுறமும் விளங்கும் சொல். அதனை நீக்கி 'தவிர்', 'விலக்கு', 'கைவிடு' முதலியவற்றை முன்மொழிந்தோர் தனித்தமிழை நோக்கினர். ஒரு திட்டத்தில் ஒன்றும் மற்றொன்றில் வேறொன்றும் ஆக, ஒரே கணினியில் ஒரே செயலுக்குப் பல பெயர்கள் தோன்றின. பயனருக்கு இடையூறு தந்தது ரத்து என்னும் சொல்லன்று, இந்தப் பன்மையே.

ஆங்கில விசைக்கு இசைந்த ஒரு சிறு வழக்கும் குறிப்பிடத்தக்கது. ஆங்கிலப் பட்டியலில் ஒரெழுத்தின் கீழ்க் கோடிட்டு விசைக்குறுக்கு வழி காட்டப்படும். தமிழெழுத்தை இதற்குப் பயன்படுத்த விசைப்பலகை இசையாமையால், க்னோம் பணிமேடையின் தமிழாக்கத்தில் 'கோப்பு' என்பதன் பின் அடைப்புக்குள் ஆங்கில எழுத்தொன்று அடிக்கோட்டுடன் சேர்க்கப்பட்டது. தமிழ்ப் பட்டியல் முழுவதும் ஆங்கில எழுத்து வாலுடன் நின்றது. அழகற்றது, ஆனால் வேலை செய்தது.

6. ஒரு தொடர் செல்லும் வழி

மொழிபெயர்ப்பாளர் தம் கணினியில் ஒரு தொடரைத் திருத்தியவுடன் அது மென்பொருளைச் சேர்ந்துவிடுவதில்லை. க்னோம் திட்டத்தின் நடைமுறையை எடுத்துக்கொண்டால், மொழிதோறும் ஓர் ஒருங்கிணைப்பாளரும் அவரின்கீழ் மெய்ப்பாளர், பதிவாளர், மொழிபெயர்ப்பாளர் என்னும் நிலைகளும் உள்ளன. புதியவர் முதலில் குழுவில் சேர்ந்து, பிறர் அதே கோப்பில் கைவைக்காதிருக்கும்படி அக்கோப்பைத் தாம் எடுத்திருப்பதை அறிவிக்க வேண்டும். பின் திருத்தி, துளைக்குறிகள் மூலத்தோடு ஒத்துள்ளனவா என்பதைக் கெட்டெக்ஸ்டின் சோதனைக் கருவியால் சரிபார்த்து, மெய்ப்புக்கு அனுப்ப வேண்டும். மெய்ப்பாளர் ஏற்றால் பதிவாளர் களஞ்சியத்தில் சேர்ப்பார். துளைக்குறி ஒன்று தவறினால் மென்பொருளே செயலிழக்கக்கூடும் என்பதால் இச்சோதனை வெறும் சடங்கு அன்று. க்னோம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியாகிறது. வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன் ஆங்கிலத் தொடர்கள் உறையவைக்கப்படும். அந்தச் சில வாரங்களே மொழிபெயர்ப்பாளரின் அறுவடைக்காலம்.

ஏற்றுக்கொள்ளப்பட்ட தொடரும் என்றென்றைக்கும் நிற்பதன்று. மூல ஆங்கிலத் தொடரில் ஒரு சொல் மாறினாலும் பழைய தமிழாக்கம் 'ஃபஸ்ஸி' எனக் குறியிடப்படும். ஐயத்துக்குரியது என்பது பொருள். யாரேனும் மீண்டும் பார்த்து அக்குறியை நீக்கும்வரை அத்தமிழ்த் தொடர் திரையில் தோன்றாது, ஆங்கிலமே தோன்றும். எனவே கவனிப்பாரற்ற மொழிபெயர்ப்பு அழிக்கப்படுவதில்லை, பதிப்புதோறும் வரிவரியாக ஆங்கிலத்துக்கு இடம்விட்டுப் பின்வாங்குகிறது. க்னோம் ஒரு மொழியை ஆதரவு பெற்றதாக அறிவிக்கத் தொடர்களில் குறைந்தது 80 விழுக்காடு மொழிபெயர்க்கப்பட்டிருக்க வேண்டும். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரும் ஊக்கத்துடன் நிரப்பப்பட்ட தமிழ்க் கோப்புகளில், ஒருங்கிணைப்பாளர் வேறு பணிக்குச் சென்றபின் இத்தகைய பின்வாங்கல் நேர்ந்தது. போட்டி, முகாம் வாயிலாக ஒரே நாளில் ஆயிரக்கணக்கான தொடர்களை நிரப்புவதைப் பெருமையாகக் கொண்டாடிய போக்கும் இதற்கு ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு. பதிப்புதோறும் ஐம்பது தொடரை ஐயம் நீக்கித் தரும் ஒருவர், ஒரு நாளில் ஐந்தாயிரம் நிரப்பிச் செல்பவரினும் மொழிக்குப் பயன்படுபவர்.

உரிமம் இங்கு ஒரு காப்பாக அமைகிறது. 2010இல் ஓபன்ஆபீஸ் திட்டத்திலிருந்து லிப்ரெஆபீஸ் பிரிந்தபோது, மொழிபெயர்ப்புகளும் அதே கட்டற்ற உரிமத்தின்கீழ் இருந்தமையால் அவையும் உடன் எடுத்துச் செல்லப்பட்டன. தனியார் மென்பொருள் நிறுத்தப்பட்டால் அதன் தமிழ்த் தொடர்கள் அதனோடு மறையும்; இங்கோ நின்றுபோன பணியை இன்னொருவர், இன்னோர் ஊரிலிருந்து, யாரிடமும் இசைவு கேளாமல் தொடரலாம்.

மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடிய மற்றொரு பணி தமிழ்க் கோப்பில் பதிவதே இல்லை; அது வழு அறிக்கையாக மூல ஆங்கிலத்தை நோக்கிச் செல்வது. ஆங்கிலத்தில் 'ஓப்பன்' என்னும் ஒரே சொல் ஒரு பொத்தானில் ஏவலாகவும், மற்றோரிடத்தில் 'திறந்துள்ளது' என நிலைகாட்டும் சொல்லாகவும் வரும். கெட்டெக்ஸ்ட் ஒரே எழுத்துக்கோவையை ஒரே தொடராகக் கொள்வதால், இரண்டிடத்தும் ஒரே தமிழாக்கம்தான் தோன்றும். கேடிஇ தன் தொடர்களிலேயே சூழலைக் குறிக்கும் வழக்கத்தை முன்பே கொண்டிருந்தது. 2006இல் வெளிவந்த கெட்டெக்ஸ்ட் 0.15 பதிப்பில் சூழற்குறிப்புக்கெனத் தனி வரி சேர்க்கப்பட்டது. அதன்பின், நிரலாளர் விரும்பினால் ஒரே சொல்லை 'பொத்தான்', 'நிலை' எனப் பிரித்து இரு தொடராகத் தரலாம். விரும்புவது என்பது யாரேனும் கேட்டால்தான் நிகழ்கிறது. ஆங்கிலம் மட்டும் அறிந்த நிரலாளருக்கு அப்பிரிவினையின் தேவை தோன்ற வழியில்லை.

அவ்வாறு கேட்கும் அறிக்கை குறுகியதாயினும் குறிப்பிட்டதாக இருத்தல் வேண்டும்: எந்த நிரல், எந்தப் பதிப்பு, எந்தத் தொடர், எத்தனை இடங்களில், எந்த மொழியில் என்ன விளைவு, எவ்வாறு பிரித்தால் தீரும். மாற்றத்தைத் தாமே செய்து 'பேட்ச்' என்னும் திருத்தத் துண்டாக இணைத்தனுப்பின் ஏற்பு விரைவுபடும். டிஸ்கி அட்டவணை பெற்ற வரவேற்பே இதற்கும் கிடைக்கிறது. '%1' என்பதன் அருகே 'கோப்பின் பெயர்' என ஒரு விளக்கக் குறிப்பை நிரலில் சேர்க்குமாறு கேட்பதும் இவ்வகையினது. ஒருமுறை சேர்ந்துவிட்டால் அக்குறிப்பு மொழிதோறுமுள்ள பிஓ கோப்பில் தானாகவே தோன்றும். உதியன்குளங்கரையில் அமர்ந்து ஒருவர் தமிழ்க் கோப்பின் பொருட்டு எழுதும் அத்தகைய அறிக்கை, ஏற்கப்பட்ட அடுத்த பதிப்பிலேயே மலையாளக் கோப்பிலும் அதே இடத்தில் அதே குறிப்பாக வந்து நிற்கும். ஏழாம் வேற்றுமைச் சாரியைக்காக அங்கும் அது வேண்டப்பட்டதே.